புலிக்கு முன் ஈட்டி: மதுரைச் சீமையின் மறந்துபோன வேட்டைக்காரர்கள்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சமயநல்லூர். ஒருபுறம் வைகை, அதற்கப்பால் பாம்பு படுத்தாற்போல நீண்டு கிடக்கும் நாகமலை, வடக்கே தொலைவில் சிறுமலையின் நீலம். இடையில் நெல்லும் தென்னையும் ரயில் தண்டவாளமும் கல்யாண மண்டபங்களும். இந்தச் சமவெளியில் நின்றுகொண்டு புலியைப் பற்றிப் பேசினால் கேட்பவர் சிரிப்பார். காளையைப் பற்றிப் பேசினால் சிரிக்க மாட்டார். பாலமேடும் அலங்காநல்லூரும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. கொம்புள்ள விலங்கின் முன் வெறுங்கையுடன் நிற்பது இவ்வட்டாரத்தார்க்கு இன்றும் புரிகிற செயல். நகமும் பல்லும் உள்ள விலங்கின் முன் ஒற்றை ஈட்டியுடன் நின்றவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள் என்பதுதான் நினைவிலிருந்து நழுவிவிட்டது.

ஈட்டியால் சிங்கத்தைக் குத்திக் கொல்பவர்கள் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் இளைஞர்களுடையது. சிவப்புப் போர்வை, நீண்ட ஈட்டி, எருமைத்தோல் கேடயம். தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அதை நமக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டன. இந்திய வேட்டை என்றாலோ அம்பாரியின் மேல் துப்பாக்கியுடன் அமர்ந்த மகாராஜாவும், செத்த புலியின் தலைமேல் பூட்ஸ் காலை வைத்துப் புகைப்படத்துக்கு நிற்கும் வெள்ளைக்காரத் துரையும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இந்த இரு சித்திரங்களுக்கும் நடுவே நம்முடைய சொந்த வேட்டைக்காரன் காணாமல் போயிருக்கிறான். அவன் எப்படி வேட்டையாடினான், எப்போது, எதனால் காணாமல் போனான் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

மதுரையிலிருந்தே தொடங்கலாம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், பாண்டிய நாட்டின் ஐந்திணைகளும் ஒவ்வொன்றாக வருகின்றன. குறிஞ்சியைப் பேசும் இடத்தில் புலவர் காட்சிகளைக் காட்டிலும் ஓசைகளையே அடுக்குகிறார். பரண் காவலன் தோண்டி வாயை மூடிவைத்த குழியில் விழுந்த காட்டுப்பன்றியைக் கொல்லும் ஆரவாரம் ஒன்று. வேங்கை மரத்தில் பூப்பறிக்கும் பெண்கள் எழுப்பும் ஆரவாரம் இன்னொன்று. பன்றியை அடித்து வீழ்த்தும் புலியின் ஆரவாரம் மற்றொன்று. நகரத்துப் புலவர் ஒருவர் மலையடிவாரத்தில் ஓர் இரவாவது தங்காமல் இந்த ஒலிப்பட்டியலை எழுதியிருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது.

குழி தோண்டியவன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் தொழில்முறை வேடன் அல்லன். தினைப்புனத்தைக் காக்கும் உழவன். சங்கப் பாடல்களில் வேட்டையும் பயிர்க்காவலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதில்லை. பெரிய பாறைப் பலகையை ஒரு சிறு முட்டின்மேல் சாய்த்துவைத்து, அடியில் இரையை வைத்து, விலங்கு தொட்டதும் பாறை விழுந்து நசுக்கும் பொறிக்கு ‘அடார்’ என்று பெயர். நற்றிணையின் 119ஆம் பாடலில், தினை தின்னவரும் பன்றிக்காகப் புனவன் வைத்த அடாரில் புலி வந்து மாட்டிக்கொள்கிறது. மலைபடுகடாமோ, பன்றிக்கு அஞ்சி நுழைவாயில்தோறும் கற்பொறி வைத்திருக்கிறார்கள், இருட்டில் நடக்க வேண்டாம் என்று கூத்தர்களை எச்சரிக்கிறது. காட்டு வழிகளில் மனிதர்களும் அடிபடக்கூடிய அளவுக்குப் பொறிகள் மலிந்திருந்தன என்பது அந்த எச்சரிக்கையிலிருந்து தெரிகிறது.

யானைக்கும் குழிதான். குழியில் விழுந்த களிற்றைப் பற்றிய இரண்டு உவமைகள் தமிழில் புகழ்பெற்றவை. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், சிறையிலிருந்து தப்பிய கரிகாலனை, குழியின் கரையைக் குத்தி இடித்து ஏறித் தன் பிடியிடம் சென்ற யானைக்கு ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 17ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் அதே உவமையை யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குச் சொல்கிறார். அந்தச் சேரனைச் சிறைபிடித்தவன் நம் நெடுஞ்செழியனேதான். ஆக, மதுரையே அங்கே குழி. வெவ்வேறு புலவர்கள் இருவர் ஒரே உவமையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், குழியில் யானை பிடிப்பதும், சில சமயம் அது கரையை இடித்துத் தப்புவதும் கேட்பவர் அனைவரும் அறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். இந்த முறை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் ஆனைமலையில் தொடர்ந்தது. வனத்துறை குழி தோண்டி யானை பிடித்தபோது அதற்குக் கைகொடுத்தவர்கள் அங்கிருந்த மலசர் போன்ற பழங்குடியினர்.

எல்லாப் புலவர்களையும் இப்படி நம்பிவிட முடியாது. வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தங்கியது என்கிறார். பரிசில் பெறப் போகும் புலவர்களின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

*

புலவர்கள் மிகைப்படுத்தலாம், கல்லில் வெட்டுபவர் அவ்வளவு மிகைப்படுத்த மாட்டார். தமிழகத்து நடுகற்களில் பெரும்பாலானவை ஆநிரைப் பூசலில் இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று ‘கூடல் ஊர் ஆகோள்’ பற்றியே பேசுகிறது. ஆனால் இன்னொரு வகையும் உண்டு. மக்கள் அதைப் ‘புலிகுத்திக்கல்’ என்பார்கள். பன்றியோடு பொருது மடிந்தவனுக்கு எடுத்தது ‘பன்றிகுத்திக்கல்’. தருமபுரி, கிருஷ்ணகிரி, கொங்கு வட்டாரங்களில் இவை மிகுதி. மதுரை, தேனிப் பக்கங்களிலும் கிடைத்திருக்கின்றன. தேனி மாவட்டத்தில் புலிக்குத்தி என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது.

இக்கற்களை நேரில் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தும். பெரும்பாலும் புலி பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும். மனிதன் அதன் வயிற்றிலோ வாயிலோ ஆயுதத்தைச் செலுத்திக்கொண்டிருப்பான். இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம். யாரும் யார் காலடியிலும் கிடப்பதில்லை. மகாராஜாக்களின் புகைப்படங்களில் புலி எப்போதும் தரையில் கிடக்கும். நடுகல்லில் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. செத்தவன் மனிதன் என்பதால்தானே கல்லே எழுந்தது!

இவற்றை வேட்டைக் கற்கள் என்று சொல்லலாமா என்ற ஐயம் எழலாம். பட்டியில் புகுந்த புலியை எதிர்த்துச் செத்தவன் வேட்டைக்காரன் அல்லன், மேய்ப்பன். ஆனால் முன்பு சொன்னதே இங்கும் பொருந்தும். காப்பதற்காகக் கொல்வதுதான் இந்த நாட்டுப்புறத்தின் பெருவிலங்கு வேட்டை. விளையாட்டுக்காகக் கொல்வது அரண்மனைக்கு உரியது. கூடவே நாய்களையும் சொல்ல வேண்டும். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய் கோவிவனையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. அது கள்வர்களைக் கடித்த நாய், புலியை அல்ல. ஆனாலும் கோம்பையும் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பிறந்த தென்னாட்டில், நாய்க்குக் கல்லெடுத்த மனம் எத்தனை பழையது என்பதற்கு அது சாட்சி.

*

ஆயுதங்களுக்கு வருவோம். ஈட்டி, வலை, வளரி. மதுரைச் சீமை வேட்டையின் முக்கியக் கருவிகள் இவை மூன்றும்.

வளரி அல்லது வளைதடி, பிறைவடிவில் வளைந்த எறிகருவி. ஒருமுனை கனமாகவும் மறுமுனை இலேசாகவும் இருக்கும். இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி எறிவார்கள். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வது வழக்கம், இரும்பிலும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்துக்குத் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்தவற்றில் தந்தத்தால் ஆனவையும் உண்டு. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் மானுக்கும் ஏற்ற கருவி இது, புலிக்கு ஆகாது. மதுரை வட்டாரக் கள்ளர்களிடையே திருமணத்தில் மணமகன், மணமகள் வீட்டார் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வளரியை அனுப்பிப் பெண்ணை அழைப்பது என்று ஒரு பேச்சுவழக்கே இருந்ததாகத் தர்ஸ்டன் பதிவு செய்கிறார். சித்திரைத் திருவிழாவில் கள்ளர் கோலம் பூண்டு மதுரைக்கு வரும் அழகர் கையில் ஏந்தும் தடியில் இந்த வளரியின் சாயலைக் காணலாம்.

வலை என்றதும் இவ்வட்டாரத்தில் வலையர் சமூகம் நினைவுக்கு வரும். பெயரே தொழிலிலிருந்து வந்தது. மேலூர், நத்தம், வாடிப்பட்டிப் பக்கங்களில் இன்று உழவர்களாகவும் கூலித் தொழிலாளர்களாகவும் வாழும் இவர்களின் முன்னோர் வலைவிரித்துச் சிறு விலங்குகளைப் பிடித்தவர்கள். பெருவிலங்குக்கு வலை கட்டும் கலை எப்படி இருந்தது என்று அறிய, இப்போதைய நீலகிரி மாவட்டத்துக் கூடலூருக்கும் அதையொட்டிய வயநாட்டுக்கும் போகவேண்டும்.

வயநாடன் செட்டிகள் என்று அறியப்பட்ட உழவர் சமூகம் அங்கே புலியை வலையிட்டுக் குத்தியது. அதற்குப் பெயர் ‘நரிக்குத்து’. அந்த வட்டார வழக்கில் நரி என்றால் புலி. மாட்டை அடித்த புலி ஒரு புதரில் படுத்திருப்பது தெரிந்ததும் செய்தி ஊர்களுக்குப் போகும். வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் வலைத்துண்டுகளோடு ஆண்கள் கூடுவார்கள். கனத்த கயிற்றால் பின்னிய வலைகளை ஒன்றோடொன்று இணைத்து, கம்புகள் நட்டுப் புதரைச் சுற்றி வேலியாக நிறுத்துவார்கள். புதரை வெட்டி வெட்டி வட்டத்தைச் சுருக்குவார்கள். கடைசியில் இரைச்சலெழுப்பிப் புலியைக் கிளப்ப, அது வலையின்மேல் பாயும்; வெளியே நிற்பவர்களின் ஈட்டிகள் அங்கே காத்திருக்கும். முடிந்தபின் தோலை உரிப்பதில்லை. உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டு ஆடிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது நான் சற்று நேரம் மேற்கொண்டு படிக்கவில்லை. தோல் விலைபோகும் காலத்தில், அதைத் தொடாமல் விட்ட வேட்டை! சடங்கும் காவலும் பழிதீர்ப்பும் கலந்த ஒன்றாக அது இருந்திருக்க வேண்டும்.

*

ஈட்டி ஒன்றையே நம்பிப் புலியை எதிர்கொண்டவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சாட்சியம், ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. சாட்சியத்தின் நாயகர் நாம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும் பெரிய மருது.

ஜேம்ஸ் வெல்ஷ் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர். 1795இல் இளம் அதிகாரியாக மதுரையில் இருந்தார். தம் நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து 1830இல் இலண்டனில் இரு தொகுதிகளாக நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். அதில் சிவகங்கையின் மருது சகோதரர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சில பக்கங்கள், எதிரியின் கையால் எழுதப்பட்ட மிகச் சிறந்த நட்புச் சித்திரங்களில் ஒன்று. ஆட்சிப் பொறுப்பைத் தம்பி சின்ன மருதுவிடம் விட்டுவிட்டு அண்ணன் வேட்டையிலேயே வாழ்ந்தார் என்கிறார் வெல்ஷ். அசாதாரண உயரம், அசாதாரண வலிமை. ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களால் வளைத்துவிடுவார் என்று பேச்சு. மதுரை, திருச்சி, தஞ்சைப் பாசறைகளிலிருந்து ஐரோப்பிய அதிகாரிகள் வேட்டைக்காக அவரைத் தேடிப் போவார்கள்.

அந்த வேட்டைகளின் ஏற்பாடு வேடிக்கையானது. விருந்தினர்கள் துப்பாக்கிகளோடு பத்திரமான இடத்தில் நிற்பார்கள். பெரிய மருதுவும் அவருடைய ஈட்டிக்காரர்களும் கீழே இறங்கி விலங்கை நேருக்கு நேர் எதிர்கொள்வார்கள். புலி வந்தால் முதலில் எதிரில் நிற்பவர் பெரிய மருதுதான். துப்பாக்கி வைத்திருப்பவன் வேடிக்கை பார்க்கிறான். ஈட்டி வைத்திருப்பவன் வேட்டையாடுகிறான். இதை எழுதுபவர் வேடிக்கை பார்த்த கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதும், அதை ஒளிக்காமல் எழுதுகிறார் என்பதும் அச்சாட்சியத்தின் மதிப்பைக் கூட்டுகின்றன. தமக்கு முதன்முதலில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும் வெல்ஷ் சொல்கிறார். தேர்ந்த கையில் வளரி நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவருடைய கணிப்பு.

ஈட்டியால் புலியைக் கொல்வது தனிமனித வீரம் மட்டும் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது கூட்டுத் தொழில். விலங்கைக் கிளப்புபவர்கள், சுற்றி நிற்பவர்கள், முதல் பாய்ச்சலைத் தாங்குபவன், அவனுக்குப் பக்கத்தில் ஒரு கணமும் பின்வாங்காமல் நிற்பவன் என்று ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு. ஒருவன் ஓடினால் இன்னொருவன் சாவான். மசாய்களின் சிங்க வேட்டையிலும் இதுவே விதி. இந்தப் பயிற்சி எதற்கு உதவும் என்று கம்பெனி அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வேட்டை விருந்தாளிகளாக வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு படையை.

*

1801இல் அந்தப் படையோடு அவர்கள் மோத வேண்டிவந்தது. பாளையக்காரர் கிளர்ச்சியின் இறுதிக்கட்டத்தில் கம்பெனிப் படை காளையார்கோவிலை அடைய முயன்றது. சிறுவயல் பக்கத்திலிருந்து காட்டை வெட்டி வழி அமைக்கத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மாதம் நாள்தோறும் வெட்டியும் முடியாமல் அம்முயற்சியைக் கைவிட்டார்கள். இன்று சிவகங்கை, காரைக்குடி பஸ்ஸில் போகிறவர்கள் சன்னல் வழியே பார்க்கும் அந்தக் கருவேலங்காட்டுப் பொட்டல்தான் அன்று ஒரு பட்டாளத்தை ஒரு மாதம் நிறுத்திய வனம் என்று நினைத்துப்பார்ப்பது கடினம். பின்னர் வேறு வழிகளில் நுழைந்து 1801 அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். தப்பியவர்களைக் காட்டுக்குள் தேடினார்கள். அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

வெல்ஷ் அந்தப் போரில் எதிர்ப்பக்கம் இருந்தார். தமக்கு ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்த சின்ன மருது, காட்டு விலங்கைப் போலத் துரத்தப்பட்டதையும், தொடையில் காயம்பட்டுச் சிறைப்பட்டதையும், அண்ணனோடும் மகனோடும் தூக்குமரத்தில் தொங்கியதையும் தாமே கண்டதாக எழுதுகிறார். வேட்டை உவமை அவராகவே தேர்ந்தது. எந்த விலங்கை எந்த மனிதர் எதிர்கொண்டதைத் தாம் பார்த்தோம் என்பது அவருடைய நினைவில் இருந்திருக்க வேண்டும். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1818இல் அங்கே போன வெல்ஷ் அவரைச் சந்தித்தார். அடையாளம் தெரியாதபடி மூப்பு தட்டியிருந்தது என்கிறார். அப்போது துரைசாமிக்கு முப்பதை ஒட்டிய வயதுதான்.

வேட்டையின் வரலாற்றுக்கு இதைக் காட்டிலும் முக்கியமானது அடுத்து நடந்தது. 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதங்களைத் தடை செய்தது. துப்பாக்கிகள் மட்டுமல்ல, ஈட்டிகளும் ஒப்படைக்கப்பட வேண்டும். மீறி வைத்திருப்பவர்க்கு மரண தண்டனை. கோட்டைகள் இடிக்கப்பட்டன.

இந்தப் பிரகடனத்தை அரசியல் வரலாற்றின் ஒரு பத்தியாகவே நாம் படித்துவந்திருக்கிறோம். அதை வேட்டையின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பட்டிக்குள் புலி வந்தால் எதிர்த்து நின்றவனின் கையிலிருந்ததும் அதே ஈட்டிதான். போருக்கு ஓர் ஈட்டி, புலிக்கு ஓர் ஈட்டி என்று யாரும் தனித்தனியே வைத்துக்கொள்ளவில்லை. நூறாண்டு கழித்துத் தர்ஸ்டனுக்குப் புதுக்கோட்டையிலிருந்து கிடைத்த குறிப்பு இதன் விளைவைச் சொல்கிறது. வளரியில் தேர்ந்தவர்கள் இப்போது யாருமில்லை. எப்போதாவது முயலுக்கு எறிகிறார்கள். மற்றபடி பூசை அறையில் இருக்கிறது. ஆயுத பூசைக்கு எடுத்துத் துடைத்து மறுபடி அங்கேயே வைத்துவிடுகிறார்கள். கருவி தெய்வமாகிவிட்டது என்றால் கலை செத்துவிட்டது என்று பொருள்.

*

ஈட்டி போன பிறகு துப்பாக்கி வந்தது, ஆனால் எல்லோர் கைக்கும் அல்ல. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியருக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அடுத்த ஆண்டே நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டைக்குப் பருவம், அனுமதிச் சீட்டு, விதிகள். காட்டு விலங்கைக் காப்பதே நோக்கம் என்று அது சொன்னது. யாருக்காகக் காப்பது என்பதைச் சொல்லவில்லை. புலிக்கோ பாதுகாப்பே இல்லை. அது தீங்கு விலங்கு. கொன்றால் அரசு வெகுமதி. 1875 முதல் 1925 வரையான ஐம்பது ஆண்டுகளில் வெகுமதிக்காக மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். எத்தனை ஆயிரம் நடுகற்களின் காலத்திலும் இது நடந்திருக்க முடியாது. ஈட்டியால் ஒரு புலியைக் கொல்ல ஓர் ஊர் வேண்டும். துப்பாக்கிக்கு ஒரு விரல் போதும்.

ஆப்பிரிக்காவில் இதே நாடகம் இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1900இல் இலண்டனில் கூடிய காலனி அரசுகள், ஆப்பிரிக்க விலங்குகளைக் காக்க ஓர் உடன்பாடு செய்தன. வலைகளையும் குழிகளையும் கட்டுப்படுத்துவது அதன் விதிகளில் ஒன்று. வலையும் குழியும் ஆப்பிரிக்கருடையவை, துப்பாக்கி வெள்ளையருடையது. கென்யாவின் சாவோ பகுதியில் வாழ்ந்த வாட்டா மக்கள் வில்லால் யானை வேட்டையாடியவர்கள். நாணை இழுக்க நூறு பவுண்டுக்கும் மேற்பட்ட விசை வேண்டும் அந்த விற்களுக்கு. அம்பு நுனியில் அக்கோகாந்திரா மரத்திலிருந்து காய்ச்சிய, இதயத்தை நிறுத்தும் நஞ்சு. 1948இல் அவர்களுடைய நிலம் தேசியப் பூங்காவாயிற்று. 1956, 57இல் நடந்த திருட்டு வேட்டை ஒழிப்பு இயக்கத்தில் அவர்கள் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். எட்வர்ட் ஸ்டைன்ஹார்ட் 2006இல் எழுதிய கென்ய வேட்டை வரலாற்று நூலின் தலைப்பே இதைச் சொல்லிவிடும்: கறுப்பர் வேட்டையாடினால் திருடர், வெள்ளையர் வேட்டையாடினால் வேட்டைக்காரர். நம் ஊரில் திருட்டுப் பட்டம் வேட்டைக்கு மட்டும் அல்லாமல் பிறப்புக்கே சூட்டப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டார்கள். வலையரும் பின்னாளில் அந்தப் பட்டியலிலிருந்து சீர்மரபினர் பட்டியலுக்கு மாறியவர்களே.

ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவ முடியாது. காளையார்கோவில் காடு பட்டாளத்தால் மட்டும் அழியவில்லை. அதற்குப் பிந்தைய இருநூறு ஆண்டுகளில் விறகுக்கும் கரிக்கும் உழவுக்கும் நாமும்தான் வெட்டினோம். ஈட்டிக்காரர்கள் நீடித்திருந்தாலும் மதுரைச் சமவெளியில் புலி பிழைத்திருக்காது. புலிக்கு வேண்டியது காடு. பழைய வேட்டை இயற்கையோடு இயைந்த ஏதோ ஒரு பொற்காலம் என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அடாரில் நசுங்கிய விலங்குக்கு அது தமிழ் மரபுப்பொறி என்பதில் ஆறுதல் ஒன்றும் இருந்திருக்காது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காலத்தே வந்திராவிட்டால் இன்று ஆனைமலையிலும் முதுமலையிலும் புலிகள் இருந்திருக்கா. கென்யாவும் 1977இல் வேட்டையை அடியோடு தடை செய்தது. மசாய் இளைஞர்கள் 2012 முதல் சிங்கத்துக்குப் பதிலாகக் குறியை நோக்கி ஈட்டி எறியும் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். அது கேலிக்குரியதென்று நான் நினைக்கவில்லை. நம் பக்கத்தில் சிவராத்திரியை ஒட்டிச் சில ஊர்களில் நடந்த பாரிவேட்டை, வனத்துறைக்கு அஞ்சிச் சடங்காகச் சுருங்கிவிட்டது. அதுவும் அப்படியே இருக்கட்டும்.

*

புலி போய்விட்டது, பன்றி போகவில்லை. மாங்குடி மருதனார் கேட்ட அந்தப் பூசலின் முதல் விலங்கு, சிறுமலை அடிவாரத்தில் இன்றும் இரவில் இறங்கி வந்து நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கிளறிவிட்டுப் போகிறது. நல்ல வளர்ந்த ஆண்பன்றி நூறு கிலோவுக்குக் குறையாது. காயம்பட்டால் திரும்பித் தாக்கும். அதன் தந்தம் தொடையைக் கிழிக்கும். வேட்டை நாய்களை வைத்திருப்பவர்களிடம் கேட்டால், புலியைப் பற்றித் தெரியாது, பன்றியைப் போல் அஞ்சாத விலங்கை நாங்கள் பார்த்ததில்லை என்பார்கள்.

அதை எதிர்கொள்ள இன்றைய உழவனிடம் சட்டப்படி உள்ளது மிகக் குறைவு. சட்டத்துக்குப் புறம்பாக இரண்டு இருக்கின்றன. ஒன்று, வேலியில் திருட்டுத்தனமாக ஏற்றப்படும் மின்சாரம். அதில் பன்றியும் சாகும், யானையும் சாகும், விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதனும் சாவான். மற்றொன்று அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ பொதிந்துவைத்த வெடிமருந்து, கடித்ததும் வாயில் வெடிக்கும். பன்றிக்கு வைத்ததைக் கடித்து, தாடை சிதைந்து, உண்ண முடியாமல் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து செத்த யானைகள் தமிழ்நாட்டுக் காடுகளில் உண்டு. வைத்தவன் அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். அடார் வைத்தவனும் உறங்கியிருப்பான்தான். ஆனால் மறுநாள் காலையில் அங்கே போய், கல்லுக்கு அடியில் கிடப்பது பன்றியா புலியா என்று அவன் பார்த்தாக வேண்டியிருந்தது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி முறையிட வேண்டும். சுடுவது அவன் வேலையல்ல. விவசாயச் சங்கத்தாரில் சிலர் வரவேற்றார்கள்; பன்றி வருவது இரவு இரண்டு மணிக்கு, அதிகாரி வருவது எத்தனை மணிக்கு என்று சிலர் கேட்டார்கள். சமயநல்லூரிலிருந்து வடக்கே, மூன்றாவது கிலோமீட்டர் எந்த வரப்பில் முடிகிறது என்பதைப் பன்றிக்கு யார் சொல்வது என்று கேட்டவர்களும் உண்டு.